ஆங்கில மரபுத்தொடர்கள்: புதிதாகப் பழகுபவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

"கம்பி நீட்டிவிட்டான்" என்று ஒருவர் சொன்னால் நாம் கம்பியைத் தேடுவதில்லை. ஆள் நழுவிவிட்டான் என்பது உடனே புரிந்துவிடுகிறது. தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவர் அகராதியில் "கம்பி", "நீட்டு" என்ற இரண்டையும் தேடிப் பார்த்தாலும் இந்தப் பொருள் அவருக்குக் கிடைக்காது. ஆங்கிலத்தில் நம்மில் பலர் நிற்பது அந்த இடத்தில்தான். இலக்கணம் தெரியும், செய்தித்தாள் படித்தால் புரியும். ஆனால் எதிரில் இருப்பவர் "லெட்ஸ் பிளே இட் பை இயர்" என்றதும் இதில் காது எங்கே வந்தது என்று விழிக்கிறோம்.

ஆயிரம் மரபுத்தொடர்கள், இரண்டாயிரம் மரபுத்தொடர்கள் என்று பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்யும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பட்டியலில் பொருள் இருக்கும். யார் யாரிடம், எந்த மனநிலையில் அதைச் சொல்வார்கள் என்பது இருக்காது. மரபுத்தொடரின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனால் முதலில் காதில் விழுவதைப் பிடிப்போம், பிறகு புரிந்துகொள்வோம், நம் வாயால் சொல்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

முதல் படி: கேட்கும்போது அடையாளம் காணுங்கள்

பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது சம்பந்தமே இல்லாமல் ஒரு பூனையோ பந்தோ பனிக்கட்டியோ நடுவில் வந்தால், அது பெரும்பாலும் மரபுத்தொடர்தான். சொல் சொல்லாக மொழிபெயர்க்க உட்காராதீர்கள். முன்னால் என்ன பேசினார்கள், பின்னால் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

மாலை 6.30 மணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழு மதியத்திலிருந்து ஒரே கோளாறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. குழுத் தலைவர் மடிக்கணினியை மூடிக்கொண்டே "ஓகே, லெட்ஸ் கால் இட் எ டே" என்கிறார். மற்றவர்கள் பையை எடுக்கிறார்கள். "அதை ஒரு நாள் என்று அழைப்போம்" என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவர் மட்டும் நாற்காலியிலேயே இருப்பார். மூடிய கணினியும் தூக்கிய பையும் பொருளை ஏற்கெனவே சொல்லிவிட்டன: இன்றைக்கு இது போதும், கிளம்பலாம். வேலை முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதும் அந்தக் காட்சியிலிருந்தே தெரிகிறது. கோளாறு இன்னும் அப்படியே இருக்கிறது, நிறுத்தியது அன்றைய முயற்சியை மட்டும்தான்.

சில தொடர்கள் இப்படி வெளிப்படையாகத் தெரியாது. "ஐ வில் ஸ்லீப் ஆன் இட்" என்று ஒருவர் சொன்னால் அவர் தூங்கப்போகிறார் என்றோ நம் கோரிக்கையைத் தள்ளிவிட்டார் என்றோ நினைக்க வேண்டாம். இன்று இரவு யோசித்து நாளை பதில் சொல்கிறேன் என்கிறார், அவ்வளவுதான். நாளை மறுபடி கேட்கலாம், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

புரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். "சாரி, ஐ ஹேவன்ட் ஹர்ட் தட் ஒன் பிஃபோர்" என்று ஒரு வரி போதும். சொன்னவர் சந்தோஷமாக விளக்குவார். புரிந்த மாதிரித் தலையாட்டுவதில்தான் ஆபத்து. "தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்" என்பதற்குத் தலையாட்டினால், அடுத்து செய்ய வேண்டியது என் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஒரு வாரம் கழித்து "உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்று அஞ்சல் வரும்போதுதான் விஷயம் தெரியும்.

இரண்டாம் படி: அடிக்கடி காதில் விழுவதிலிருந்து தொடங்குங்கள்

வேலையிடத்தில் திரும்பத் திரும்ப வருபவை ஒரு இருபதுக்குள் அடங்கிவிடும். அவற்றைப் புரிந்துகொண்டாலே கூட்டங்களில் பாதித் திகைப்பு போய்விடும்.

வேலையைத் தொடங்கிவைப்பது "கெட் தி பால் ரோலிங்". தொடங்கியபின் எல்லோரும் ஒரே புரிதலில் இருக்கிறோமா என்று பார்ப்பது "ஆர் வி ஆன் தி சேம் பேஜ்?" நடப்பதை எனக்கும் தெரியப்படுத்துங்கள் என்பதற்கு "கீப் மி இன் தி லூப்". இடையில் ஒருமுறை சுருக்கமாகப் பேசிக்கொள்வது "டச் பேஸ்". திட்டம் தோற்று, போட்ட உழைப்பெல்லாம் போய் ஆரம்பித்த இடத்துக்கே வந்தால் "பேக் டு ஸ்கொயர் ஒன்".

"பால்பார்க் ஃபிகர்" கொஞ்சம் கவனிக்க வேண்டியது. "கேன் யு கிவ் மி எ பால்பார்க் ஃபிகர்?" என்று கேட்டால் உத்தேசமான கணக்குதான் வேண்டும். நீங்கள் இரண்டு நாள் எடுத்து, பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தால் கேட்டவருக்குக் காலம் கடந்துபோயிருக்கும். அந்த நிமிடமே, ஏறத்தாழ இவ்வளவு வரும் என்று சொல்வதுதான் சரியான பதில்.

"பிளே இட் பை இயர்" என்பதில் வரும் காது, இசைக்குறிப்பைப் பார்க்காமல் கேள்வி ஞானத்தால் வாசிப்பதைக் குறிக்கிறது. முன்கூட்டியே திட்டம் போடாமல், போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள். "கட் கார்னர்ஸ்" எப்போதுமே குறை சொல்வதுதான். நேரத்தையோ செலவையோ மிச்சப்படுத்தத் தரத்தில் கைவைப்பது அது. நம் வேலையைச் சுருக்கமாக முடித்ததைப் பெருமையாகச் சொல்ல நினைத்து "ஐ கட் சம் கார்னர்ஸ்" என்றால், ஒப்பேற்றிவிட்டேன் என்று நாமே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வேலைக்கு வெளியே: அறிமுகமில்லாதவர்களுக்கு நடுவே முதல் பேச்சைத் தொடங்கி இறுக்கத்தைத் தளர்த்துவது "பிரேக் தி ஐஸ்". ரகசியத்தை உளறிவிடுவது "லெட் தி கேட் அவுட் ஆஃப் தி பேக்" அல்லது "ஸ்பில் தி பீன்ஸ்". மிக எளிதான வேலை "எ பீஸ் ஆஃப் கேக்". கையைக் கடிக்கிற விலை "காஸ்ட் அன் ஆர்ம் அண்ட் எ லெக்". அத்திபூத்தாற்போல நடப்பது "ஒன்ஸ் இன் எ புளூ மூன்". இவை நேரடியானவை, இரண்டு முறை கேட்டால் பதிந்துவிடும்.

மூன்றாம் படி: பொருளோடு கனத்தையும் பாருங்கள்

புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. பட்டியலில் "கிக் தி பக்கெட்" என்பதற்கு நேராக "இறந்துபோதல்" என்று போட்டிருக்கும். பொருள் சரிதான். ஆனால் தமிழில் "மண்டையைப் போட்டார்" என்பதற்கு உள்ள அதே கனம்தான் அதற்கும். நண்பரின் தந்தை மறைந்த செய்தி கேட்டு அதைச் சொன்னால் அந்த நட்பே அறுந்துபோகலாம். துக்க வீட்டில் "பாஸ்ட் அவே" என்பதே பொருந்தும்.

"அண்டர் தி வெதர்" என்பது லேசான உடல்நலக் குறைவுக்கு. சளி, தலைவலி, ஒரு நாள் சோர்வு. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவரைப் பற்றி அப்படிச் சொன்னால், விஷயத்தை நாம் அலட்சியமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியும். "எ பீஸ் ஆஃப் கேக்" என்பதையும் யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் சொல்லலாம். ஒரு கணக்கோடு மூன்று மணி நேரமாகத் திண்டாடுபவரிடம் சொன்னால் அது அவரைக் குத்தும்.

இன்னொரு வகை, மேலுக்கு மரியாதையாகத் தெரிவது. "வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்" என்று தொடங்கினால் அடுத்து வரப்போவது மறுப்பு. சில வேளைகளில் கடுமையான மறுப்பு. மேலதிகாரிக்கு மரியாதை காட்டுவதாக எண்ணி இதை அஞ்சலின் முதல் வரியில் போடாதீர்கள். அவர் சண்டைக்குத் தயாராகிவிடுவார். "பிரேக் எ லெக்" இதற்கு நேர்மாறானது. கேட்கக் கொடூரமாக இருந்தாலும் மேடை ஏறப்போகும் நடிகருக்கோ பாடகருக்கோ சொல்லும் வாழ்த்து அது. மருத்துவமனைக்குப் போகிறவரிடம் சொல்லும் வாழ்த்து அல்ல.

ஒவ்வொரு தொடரையும் கற்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை நான் தயங்காமல் யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லவே கூடாது? பதில் தெரியாதவரை அந்தத் தொடர் உங்கள் காதுக்கு மட்டும், வாய்க்கு இல்லை.

நான்காம் படி: தமிழைத் துணைக்குக் கூப்பிடுங்கள், ஆனால் சரிபார்த்து

நம்மிடம் ஏற்கெனவே பெரிய சேமிப்பு இருக்கிறது. முதலைக் கண்ணீர், முதுகில் குத்துவது, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது, பொறுப்பைக் கைகழுவுவது எல்லாமே ஆங்கிலத்திலும் அதே உருவத்தில் இருக்கின்றன. "இக்கரைக்கு அக்கரை பச்சை" அங்கே வேலிக்கு அந்தப் பக்கத்துப் புல்லாகிறது. ஒரே கல்லில் அடித்த இரண்டு மாங்காய் அங்கே இரண்டு பறவைகள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது, நிலக்கரிக்குப் பேர்போன நியூகாசிலுக்கு நிலக்கரி சுமந்து போவதாகிறது.

உருவம் வேறாக இருந்தாலும் கருத்து அச்சாகப் பொருந்துபவை எனக்கு மிகவும் பிடித்தவை. "அகலக்கால் வைக்காதே" என்பதை ஆங்கிலத்தில் "டோன்ட் பைட் ஆஃப் மோர் தேன் யு கேன் சியூ" என்கிறார்கள். அங்கே வாய், இங்கே கால். சக்திக்கு மீறி இழுத்துப்போட்டுக்கொள்வது என்ற எண்ணம் இம்மி பிசகாமல் ஒன்றுதான். "காதில் பூ சுற்றுவது" அங்கே கண்ணுக்கு மேல் கம்பளியை இழுத்துவிடும் "புல் தி வுல் ஓவர் சம்ஒன்ஸ் ஐஸ்". இப்படி ஒரு தமிழ்த் தொடரோடு சேர்த்துக் கற்றால் பொருளோடு அதன் தொனியும் ஒட்டிக்கொள்ளும்.

இனி கண்ணிகள். "ஹி இஸ் புல்லிங் மை லெக்" என்றால் என்னை விளையாட்டாகச் சீண்டுகிறார், பொய் சொல்லி நம்பவைத்துச் சிரிக்கிறார் என்று பொருள். தமிழிலும் "காலை வாராதே" என்று கேலியைச் சொல்வதுண்டு. ஆனால் "காலை வாரிவிட்டான்" என்றால் நம்பவைத்துக் கவிழ்த்துவிட்டான். கடைசி நேரத்தில் கைவிட்ட சகஊழியரைப் பற்றிக் கொதித்துப்போய் "ஹி புல்ட் மை லெக்" என்று புகார் சொன்னால், கேட்பவர் புன்னகைப்பார். அங்கே வேண்டியது "ஹி லெட் மி டவுன்".

மதில்மேல் பூனை இன்னொன்று. அதைச் சொல்லுக்குச் சொல் "கேட் ஆன் தி வால்" என்று சொன்னால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குப் பெரும்பாலும் புரியாது. அவர்கள் சொல்வது "சிட்டிங் ஆன் தி ஃபென்ஸ்". பொருளும் சற்று விலகும். நம் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று சொல்ல முடியாது என்பதில் நிற்கிறது. அவர்களுடைய வேலியில் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கமும் குதிக்க மறுக்கிறார். "ஐ ஆம் ஆன் தி ஃபென்ஸ்" என்று தன்னைப் பற்றிச் சொன்னால் இன்னும் முடிவெடுக்கவில்லை என்ற சாதாரணச் செய்தி. பிறரைப் பற்றிச் சொன்னால் அதில் குற்றச்சாட்டு கலந்திருக்கும்.

குளிர்ச்சி விஷயத்திலும் கவனம் வேண்டும். நமக்குக் குளிர்ச்சி நல்லது. கண்குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர வாழ்த்துகிறோம். ஆங்கில மரபுத்தொடர்களில் குளிர் பெரும்பாலும் விலகலும் பயமும்தான். "கோல்ட் ஷோல்டர்" என்பது முகம் கொடுக்காமல் ஒதுக்குவது. "காட் கோல்ட் ஃபீட்" என்பது கடைசி நேரத்தில் துணிச்சல் போய்ப் பின்வாங்குவது. அன்புக்கு அவர்கள் வெதுவெதுப்பைத் தேடுகிறார்கள். மனமார்ந்த வரவேற்பை "வார்ம் வெல்கம்" என்கிறார்கள். இந்த ஒரு வேற்றுமை பிடிபட்டால், முன்பின் கேட்டிராத பல தொடர்களின் பொருளைக்கூட ஊகித்துவிடலாம்.

ஐந்தாம் படி: வடிவத்தில் கைவைக்காதீர்கள்

"கண்ணும் கருத்துமாக" என்பதை "கருத்தும் கண்ணுமாக" என்று மாற்றினால் காதுக்கு உறுத்துகிறதல்லவா? ஆங்கிலத்திலும் அப்படித்தான். "சேஃப் அண்ட் சவுண்ட்", "அப்ஸ் அண்ட் டவுன்ஸ்" போன்றவற்றின் வரிசை மாறாது.

மாறக்கூடியவை இரண்டு. வினையின் காலம் மாறும்: "பிரேக் தி ஐஸ்" நேற்று நடந்திருந்தால் "ப்ரோக் தி ஐஸ்". யாருடையது என்பது மாறும்: "மை லெக்", "ஹிஸ் லெக்". பெயர்ச்சொற்களை அப்படியே விட்டுவிடுங்கள். எத்தனை ரகசியம் வெளிவந்தாலும் பையிலிருந்து வெளிவரும் பூனை ஒன்றுதான். செயப்பாட்டு வினைக்கு மாற்றுவதையும் தவிருங்கள். "கிக் தி பக்கெட்" என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினால் மரபுப் பொருள் போய், யாரோ ஒரு வாளியை உதைத்தார்கள் என்பது மட்டுமே மிஞ்சும். சில தொடர்கள் இந்த மாற்றத்தைத் தாங்கும், பல தாங்காது. எது தாங்கும் என்பது பழகப் பழகத் தெரியும்.

சின்னச் சொற்கள்தான் அதிகம் தகராறு செய்யும். கருத்து ஒத்துப்போவது "ஆன் தி சேம் பேஜ்", ஒரே இக்கட்டில் மாட்டிக்கொண்டிருப்பது "இன் தி சேம் போட்". இதில் ஆன், அதில் இன். அப்படியே மொத்தமாக மனதில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், விதி தேடிப் பயனில்லை.

ஆறாம் படி: எந்த ஊர் ஆங்கிலம், எந்தக் காலத்து ஆங்கிலம்?

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ அதிகாரிகளுக்கு இடையே ஒரு தாளை "டேபிள்" செய்வது பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்ததாகச் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு விவாதத்துக்கு எடுப்பது என்று பொருள், அமெரிக்காவில் ஒத்திவைப்பது என்று பொருள். இரு தரப்பும் விரும்பியது ஒன்றையே என்பது பிறகுதான் புலப்பட்டது. ஆங்கிலமே தாய்மொழியானவர்களுக்கு இந்தக் கதி என்றால், நாம் ஒரு வார்த்தை கேட்டுச் சரிபார்த்துக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வேறுபாடுகள் பெரும்பாலும் இவ்வளவு விபரீதமாக இருக்காது. தம்பட்டம் அடிப்பதற்குப் பிரிட்டனில் "ப்ளோ யுவர் ஓன் ட்ரம்பெட்", அமெரிக்காவில் "டூட் யுவர் ஓன் ஹார்ன்". கண்படாமலிருக்க மரத்தைத் தொடுவது ஒரு பக்கம் "டச் வுட்", மறுபக்கம் "நாக் ஆன் வுட்". எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

பழையதாகிப்போனவையும் உண்டு. பள்ளியில் மரபுத்தொடர் என்றதும் முதலில் சொல்லித்தருவது "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்". எல்லோருக்கும் அது தெரியும், ஆனால் இன்றைய பேச்சில் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. கொட்டும் மழைக்கு இப்போது "இட்ஸ் போரிங் டவுன்" என்பதே வழக்கம்.

இதையெல்லாம் பார்க்க, கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதி வேண்டும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றிலும் அப்படிப்பட்டவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடரில் உள்ள முக்கியமான சொல்லைத் தேடினால் அதன் கீழே மரபுத்தொடர்கள் இருக்கும். பொருளுக்கு முன்னால் சிறிய எழுத்தில் பேச்சு வழக்கு, பழைய வழக்கு, பிரிட்டிஷ், அமெரிக்க என்று குறிப்பு போட்டிருப்பார்கள். பொருளைப் படிப்பதற்கு முன் அந்தக் குறிப்பைப் படியுங்கள்.

ஏழாம் படி: எங்கிருந்து வந்தது என்று பார்த்து நினைவில் நிறுத்துங்கள்

தொடர்களை அவை பிறந்த களத்தோடு சேர்த்தால் மறக்காது. "பிலோ தி பெல்ட்", "த்ரோ இன் தி டவல்", "சேவ்ட் பை தி பெல்" மூன்றும் குத்துச்சண்டை மேடையிலிருந்து வந்தவை. இடுப்புக்குக் கீழே அடிப்பது முறைகேடு, துண்டை எறிந்தால் தோல்வியை ஒப்புக்கொள்வது, மணி அடித்ததால் தப்பிப்பது. அந்த மேடையை ஒருமுறை கற்பனை செய்துவிட்டால் மூன்றும் சேர்ந்தே பதியும். "டச் பேஸ்", "பால்பார்க் ஃபிகர்" பேஸ்பாலிலிருந்து வந்தவை. வேலையின் நெளிவுசுளிவுகளைக் கற்பதைச் சொல்லும் "லேர்ன் தி ரோப்ஸ்" பாய்மரக் கப்பலின் கயிறுகளிலிருந்து வந்தது. "நெக் அண்ட் நெக்" குதிரைப் பந்தயம்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் உலவும் தோற்றக் கதைகளில் கட்டுக்கதைகள் ஏராளம். கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் அந்த மழைத் தொடர் வந்தது என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. நினைவில் வைக்க உதவினால் வைத்துக்கொள்ளுங்கள், வரலாறு என்று பிறரிடம் சொல்லாதீர்கள்.

எட்டாம் படி: இப்போது பேசத் தொடங்குங்கள்

ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, உண்மையில் கேட்டதை அல்லது படித்ததை மட்டும் எழுதுங்கள். கேட்ட வாக்கியம் முழுதாக, யார் யாரிடம் சொன்னார், அதற்கு நிகரான தமிழ். "பால்பார்க் ஃபிகர்" என்று ஒரு வரி எழுதுவதைவிட, "செலவு எவ்வளவு ஆகும் என்று வாடிக்கையாளர் கேட்டது, குத்துமதிப்பு" என்று எழுதியது மாதக்கணக்கில் நிற்கும். ஒரே தொடரை வெவ்வேறு ஆட்கள் வாயிலிருந்து மூன்று முறை கேட்டபிறகு நீங்களும் பயன்படுத்திப் பாருங்கள். நண்பர்களிடம் முதலில், அப்புறம் அலுவலக அரட்டையில், கடைசியில் கூட்டங்களில்.

ஒரு பேச்சில் ஒன்று போதும். மூன்று நான்கை அடுக்கினால் மனப்பாடம் செய்ததாகத் தெரிந்துவிடும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதிக்குத் தயாராகிறவர்களுக்கு இது முக்கியம். மரபுத்தொடர் கலந்த பேச்சு அதன் 7ஆம் மதிப்பெண் நிலைக்கான ("பேண்ட் 7") அளவுகோலில் இடம்பெறுவது உண்மைதான், அதே வரியில் நடையறிந்து பயன்படுத்துவதும் இருக்கிறது. இடம் பொருந்தாமல் திணித்தது உதவாது.

சில இடங்களில் மரபுத்தொடரே வேண்டாம். ஒப்பந்தம், மருத்துவ விவரம், பாதுகாப்பு அறிவுரை, ஆய்வுக் கட்டுரை போன்றவற்றில் நேரடியான சொல்லே வேண்டும். பல நாட்டவர் கலந்துகொள்ளும் கூட்டமும் அப்படித்தான். உங்களுக்குத் தெரிந்த தொடர் எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். "லெட்ஸ் டிசைட் லேட்டர்" என்றால் எல்லோருக்கும் புரியும். அங்கே "பிளே இட் பை இயர்" என்று சொல்லிவிட்டு, யாராவது விழித்தால், உடனே எளிய சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுங்கள்.